காற்றின் பங்கு

எழில் நகரில் உலை வைக்கும் முன்
நான் அரிசியைப் பார்ப்பதில்லை.
எதிர்மாடிக் கொடியில் காயும்
சில்வியா அக்காவின் நைட்டியைப் பார்ப்பேன்.

அது மேற்கே உப்பினால் கடல்காற்று.
ரசம் போதும், ஆளுக்கொரு அப்பளம்.
கிழக்கே சாய்ந்தால் குப்பைமேடு வருகிறது.
அன்றைக்கு நெத்திலிக் கருவாடு,
பூண்டு முழுசாய் ஒன்று,
மிளகாய்த்தூள் அரைக் கரண்டி கூட.
தெற்கே பறந்தால் மணலி.
அழுகின முட்டை வாடை வரும்,
முட்டையே வாங்காத வாரத்திலும்.
அன்றைக்கு அடுப்பு வேண்டாம்.
பன்னும் டீயும்,
அதையும் ஜன்னலுக்கு முதுகு காட்டி.

வீட்டுக்காரர் தேவசகாயத்துக்கு
டேங்கர் கழுவுகிற வேலை.
கட்டிக் கொடுத்தது கட்டினபடியே திரும்பி வரும்.
"இன்னாயா, துன்னலையா?"
"தொறந்தேன். சோறு டீசலா இருந்திச்சி. மூடிட்டேன்."
ராத்திரி பத்துக்கு மேல்
இரண்டு தரம் சோப்புப் போட்டுக் குளித்து
நகக்கண்களை ஒவ்வொன்றாய் முகர்ந்து பார்த்து
அப்புறம்தான் உட்காருவார்.
உட்கார்ந்தால் சட்டி காலி.
நடுவில் பேச்சுக் கொடுத்தால் பிடிக்காது.

கெசியாவுக்கு நாலு வயது.
அங்கன்வாடித் தராசில் பதினொன்று அறுநூறு.
"கொழந்தைக்குப் பசியே எடுக்கிறதில்லையாம்மா?
பருப்ப மசிச்சு நெய் விட்டு ஊட்டுங்க."
சொன்ன மேடத்தின் பையில்
திறக்காத டிபன் பாக்ஸ் ஒன்று தெரிந்தது.
அன்று மாலை போனுக்குக் காசு போட
மூலக்கடை போனேன்.
பஸ் ஸ்டாப் தூணோரம் நின்று
அவர் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்,
மூடியிலேயே ஊறுகாய் வைத்து,
ஒரு பருக்கை விடாமல்.
குறை சொல்லவில்லை.
பாவம், காலையிலிருந்து பசி.

போன மாசம் கொளத்தூரில் நாத்தனார் வீடு.
"அண்ணி கை மீன்கொழம்பு வேணும்" என்றாள்.
சங்கரா வாங்கி நானே வைத்தேன்.
முதல் வாயிலேயே அவள் புருஷன் சொம்பைத் தேடினார்.
பிள்ளைகள் தயிரை ஊற்றிக்கொண்டார்கள்.
"இன்னா அண்ணி, உப்பு மூட்ட கவுந்துடுச்சா?"
எல்லோரும் சிரித்தார்கள், நானும்.
அப்புறம் நக்கிப் பார்த்தேன்.
நிஜம்தான்.

அதே கை. அதே கரண்டி. அதே அளவு.
என் வீட்டில் இதை நாங்கள் மூவரும்
'சப்பு'ன்னு இருக்கு என்றபடி தின்கிறோம்.
எங்களோடு நாலாவதாய் உட்காருகிற காற்று
முதலில் கை நனைத்து
உப்பிலும் உறைப்பிலும் பாதியை எடுத்துக்கொள்கிறது.
அதற்கும் சேர்த்துத்தான்
கல்யாணமான நாளிலிருந்து ஆக்கியிருக்கிறேன்,
தெரியாமல்.

மறுநாள் காலை அங்கே
கெசியா இட்லியை விண்டு
மூக்கருகே வைத்துக்கொண்டே இருந்தாள்.
"இது இன்னா வாசனம்மா?"
சட்னி இன்னும் வைக்கவில்லை.
குனிந்து நானும் முகர்ந்தேன்.
வெறும் இட்லி. கொஞ்சம் புளிப்பு,
ஈரத்துணி, ஆவி.
"இட்லி வாசனதான்டி."
நம்பாமல் என்னைப் பார்த்தாள்.
மூன்று தின்றாள். நாலாவதைக்
கையில் வைத்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

இன்றைக்குப் புதன்.
மூன்று நாள் மழை விடிகாலையில் விட்டது.
மேட்டில் புகை இல்லை.
சில்வியா அக்காவின் நைட்டி
எந்தப் பக்கமும் போகாமல் நேராய்த் தொங்குகிறது,
கீழே சொட்டிக்கொண்டு.
உப்பு டப்பாவைத் திறந்தவள் அப்படியே நிற்கிறேன்.
வெறும் நாக்குக்கு எவ்வளவு போடவேண்டும்?

கெசியா தட்டு மூன்றையும் தரையில் போட்டுவிட்டாள்.
"சீக்கிரம் எட்தாமா" என்கிறாள்,
"காத்து வந்துடப் போவுது."